டாங்கி முதுகில் விரித்த கொடி: செமெரி, 14 மே 1940

இரண்டாம் உலகப் போர்ப் படங்களைப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஜெர்மன் டாங்கி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும், அதன் பின்பக்கம், இன்ஜின் மூடியின் மேல், ஸ்வஸ்திகா கொடி விரித்துக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். படத்துக்குக் கீழே யாராவது ஒருவர் "திமிரைப் பார்" என்று எழுதுவார், இன்னொருவர் பிரச்சாரப் படம் என்பார். திமிரும் பிரச்சாரமும் அந்தப் படையில் குறைவில்லாமல் இருந்தன, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் துணி அங்கே இருந்ததற்குக் காரணம் வேறு. தரையில் நிற்கிறவனுக்கு அது சரியாகத் தெரியவே தெரியாது. படுக்கையாகக் கிடக்கிற துணியை மேலிருந்து பார்க்கிறவன்தான் பார்க்க முடியும். அது தங்கள் விமானிக்காக விரித்தது, "கீழே இருப்பது நாங்கள், குண்டு போட்டுவிடாதே" என்று சொல்வதற்காக.

போர்க்களத்தில் ஜெர்மன் டாங்கிகள் கொடியை எப்படிப் பயன்படுத்தின என்று கேட்டால் கேள்வி இரண்டாகப் பிரியும். படுக்கையாக விரித்த கொடி ஒன்று, ஆண்டெனாவிலோ கம்பிலோ பறக்கிற சின்னக் கொடி இன்னொன்று. முதலாவது சண்டையில் நிறையவே இருந்தது. இரண்டாவது அணிவகுப்பிலும் பயிற்சியிலும் இருந்த அளவுக்குச் சண்டையில் இல்லை. ஏன் இப்படி என்பதை விளக்க நான் எடுத்துக்கொள்ளும் நிகழ்வு, பிரான்ஸில் செமெரி என்ற ஊரில் 1940 மே 14 அன்று நடந்தது. செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடுகிற ஜெர்மன் ஸ்டூகா விமானங்கள் ஜெர்மன் படை மீதே குண்டு போட்ட நாள் அது.

முதலில் போலந்து, ஏனென்றால் சிக்கல் அங்கேதான் தொடங்கியது

1939 செப்டம்பரில் போலந்துக்குள் நுழைந்த ஜெர்மன் டாங்கிகளின் கோபுரத்தில் (பீரங்கி இருக்கிற, சுழலும் மேல்பகுதியில்) பெரிய வெள்ளைச் சிலுவை வரைந்திருந்தார்கள். திட வெள்ளை, நாலு பக்கமும். தூரத்திலிருந்தே நம்முடையது என்று தெரியவேண்டும், அதுதான் நோக்கம். தெரிந்தது, போலந்துக்காரர்களுக்கும் தெரிந்தது. அவர்களிடம் இருந்த 37 மில்லிமீட்டர் போஃபர்ஸ் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கி நல்ல ஆயுதம், அன்றைய ஜெர்மன் டாங்கிகளின் கவசமோ மெல்லியது, அதற்கு நடுவில் குறி வைக்க வசதியாக வெள்ளையில் ஒரு சிலுவையையும் போட்டுக் கொடுத்தால் என்ன ஆகும்? செப்டம்பர் 1 அன்று மோக்ராவிலும், 9ஆம் தேதி வார்சாவின் ஓஹோட்டா பகுதியிலும், ரைன்ஹார்ட் தலைமையிலான 4வது பான்சர் (டாங்கி) டிவிஷன் நன்றாக அடி வாங்கியது. சிலுவைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்ல மாட்டேன், நகரத் தெருவுக்குள் டாங்கியை விட்டதே பெரிய தப்பு. ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சந்தேகம் இல்லை. சேற்றை அள்ளிச் சிலுவைமேல் பூசினார்கள், சிலர் மஞ்சள் பெயிண்ட் அடித்து மங்க வைத்தார்கள். போலந்துப் போர் முடிந்ததும் நடுவில் வெற்றாக, ஓரக் கோடு மட்டும் வெள்ளையாக இருக்கும் சிலுவை வந்தது. போர் முடியும்வரை அந்தச் சிலுவையின் பல வடிவங்கள் வந்தன, பழைய திட வெள்ளை மட்டும் திரும்பவில்லை.

பக்கவாட்டில் போடுகிற எந்த அடையாளமும் நண்பனுக்கு எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு எதிரிக்கும் தெரியும். ஆனால் மேல்பக்கம் அப்படியில்லை. எதிரியின் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிக்காரன் தரையோடு தரையாகப் படுத்திருப்பான், டாங்கியின் முதுகு அவன் கண்ணுக்கு வராது. மேலிருந்து பார்க்கிறது தன் விமானம்தான் என்ற நிலை இருக்கும்வரை, முதுகில் எவ்வளவு பெரிய அடையாளம் போட்டாலும் நஷ்டமில்லை. இது ஸ்பெயின் உள்நாட்டுப் போரிலேயே தெரிந்த விஷயம்தான். அங்கே ஃப்ராங்கோ தரப்பில் ஓடிய பான்சர் 1 வண்டிகளின் கோபுர உச்சியில் வெள்ளைப் பின்னணியில் கறுப்புப் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள், விமானிகளுக்காக. பிரான்ஸ் போருக்கு வரும்போது வேலையைப் பெயிண்டிடமிருந்து துணிக்கு மாற்றியிருந்தார்கள். துணியில் இருக்கிற சௌகரியம், வேண்டும்போது விரிக்கலாம், வேண்டாதபோது சுருட்டிக்கொள்ளலாம்.

சம்பவம்

மே 13 அன்று ஜெர்மன் டாங்கிப் படைத் தளபதி குடேரியனின் 19வது படைப்பிரிவு செடான் அருகே மியூஸ் ஆற்றைக் கடந்தது. காலையிலிருந்து மாலை நாலு மணிவரை ஜெர்மன் விமானப்படை அலையலையாக வந்து ஆற்றின் அக்கரையைக் குண்டால் உழுதது, அதன்பின் காலாட்படை ரப்பர் படகில் ஆற்றைத் தாண்டியது. இரவோடு இரவாகப் பாலம் போட்டு டாங்கிகளை அந்தப் பக்கம் அனுப்ப ஆரம்பித்தார்கள்.

மறுநாள் காலை செடானுக்குத் தெற்கே புல்சோன், கொனாஜ், செமெரி ஊர்களை ஒட்டி பிரெஞ்சுக்காரர்களின் எதிர்த்தாக்குதல். 213வது காலாட்படை ரெஜிமெண்ட்டும், எஃப்சிஎம் 36 என்ற சின்ன டாங்கிகளைக் கொண்ட 7வது டாங்கி பட்டாலியனும் வந்தன. வந்தது தாமதமாக. முந்தின நாள் மாலையே வந்திருந்தால் எதிரே ஜெர்மன் டாங்கி ஒன்றுகூட இருந்திருக்காது. இங்கே கொடி சம்பந்தமாக ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் ஒரே களத்தில் இரண்டு விதக் கொடியும் இருந்தன. அந்தப் பிரெஞ்சு டாங்கிகளில் பெரும்பாலானவற்றில் ரேடியோ கிடையாது. தளபதி தன் டாங்கியிலிருந்து சின்னக் கொடியை அசைப்பார், மற்றவர்கள் பார்த்து நடக்கவேண்டும். கோபுரத்தில் ஒரே ஆள், அவரே பீரங்கியில் குண்டு திணிக்கவேண்டும், குறி வைக்கவேண்டும், சுடவேண்டும், கட்டளை இடவேண்டும், இதற்கு நடுவில் புகையிலும் புழுதியிலும் பக்கத்து டாங்கியில் என்ன கொடி ஆடுகிறது என்று கீறல் அளவுத் துவாரத்தின் வழியே தேடவேண்டும். நடக்கிற காரியமா? எதிர்ப்பக்கம் ஜெர்மன் கம்பெனி கமாண்டர் தொண்டையில் மைக்கைக் கட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். எஃப்சிஎம் கவசம் மோசமில்லை, ஜெர்மன் 37 மில்லிமீட்டர் குண்டு பல அதில் பட்டுத் தெறித்துப் போனது. இருந்தும் அந்த பட்டாலியன் தன் டாங்கிகளில் பெரும்பகுதியை இழந்து பின்வாங்கியது.

சண்டை அடங்கியது. செமெரியில் ஜெர்மன் வண்டிகள் குவிந்தன. ஊர் நடுவில் வாகனம், டாங்கி, பொறியாளர் படை, அதிகாரிகள் எல்லாம் ஒரே இடத்தில். அந்த நேரத்தில் ஸ்டூகாக்கள் வந்தன. மேலே சைரன் அலறல் கேட்டபோது கீழே இருந்தவர்கள் பயந்திருக்க மாட்டார்கள், முந்தின நாள் முழுக்க அந்தச் சத்தம் அவர்களுக்காகத்தானே வேலை செய்தது. குண்டுகள் விழுந்தது அவர்கள் மேல். மூத்த அதிகாரிகள் உட்படப் பலர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். குடேரியனே தன் நினைவுக் குறிப்பில் இதைக் கடும் இழப்பு என்று பதிவு செய்கிறார். காலையில் பிரெஞ்சு டாங்கிகளால் முடியாத ஒன்றைச் சொந்த விமானங்கள் சில நிமிடத்தில் செய்துவிட்டுப் போயின.

ஏன் நடந்தது

கொடி விரிக்காமல் விட்டதால் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். எனக்கு அது போதுமான பதிலாகத் தோன்றவில்லை. ஒரு ஊருக்குள் நெருக்கியடித்து நிற்கிற நூற்றுக்கணக்கான வண்டிகளில் எத்தனையின் முதுகில் துணி இருந்தது என்பதைவிட, இருந்திருந்தால் அது எவ்வளவு உதவியிருக்கும் என்ற கேள்வி முக்கியம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல மனிதக் கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறக்குறைய ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ஸ்டூகா பாய்ச்சலைத் தொடங்குவது சுமார் 4000 மீட்டர் உயரத்தில். அந்த உயரத்திலிருந்து கண் பிரித்தறிகிற அளவு தரையில் கிட்டத்தட்ட 1.2 மீட்டர். இரண்டு மீட்டர் நீளக் கொடி அங்கிருந்து ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். நடுவில் இருக்கிற வெள்ளை வட்டமும் கறுப்புச் சின்னமும் தெரியவேண்டுமானால் ஆயிரம் மீட்டருக்கு இறங்கியிருக்கவேண்டும். ஆனால் ஏறக்குறைய 80 பாகைச் சரிவில் பாயத் தொடங்கிவிட்ட விமானி ஆயிரம் மீட்டருக்கு வரும்போது முடிவு எடுத்து வெகுநேரம் ஆகியிருக்கும், குண்டு விடுபடுவதற்கு அவனுக்கு இன்னும் சில விநாடிதான் இருக்கும். ஆக அந்தத் துணி வேலை செய்யவேண்டுமானால் விமானி பாய்வதற்கு முன்பே சந்தேகப்பட்டு, சுற்றி வந்து, கொஞ்சம் இறங்கிப் பார்க்கவேண்டும். சந்தேகப்படாதவனுக்குக் கொடி உதவாது. போதாததற்கு, கொடியின் சிவப்பு, இரண்டு மணி நேரம் டாங்கி பின்னால் டாங்கியாகப் போனால் புழுதி படிந்து பழுப்பாகிவிடும்.

விமானி ஏன் சந்தேகப்படவில்லை என்பதுதான் உண்மையான ஓட்டை. டாங்கிப் படையோடு விமானப்படைத் தொடர்பு அதிகாரிகள் போனார்கள், அந்த ஏற்பாடு மற்ற நாட்டுப் படைகளில் இருந்ததைவிட நல்ல ஏற்பாடு. ஆனால் அவர்கள் மேலே பறக்கிற ஸ்டூகாவோடு நேராகப் பேச முடியாது. செய்தி தலைமையகத்துக்குப் போய், அங்கிருந்து விமானத் தளத்துக்குப் போய், அங்கே விமானிகளுக்கு வரைபடத்தில் காட்டி, அப்புறம் கிளம்பி வரவேண்டும். இதற்குள் சில மணி நேரம் ஓடிவிடும். காலாட்படை நடந்து போர் செய்த காலத்தில் சில மணி நேரத்தில் போர்முனை பெரிதாக நகராது. இங்கே அது காலையில் பிரெஞ்சு டாங்கி நின்ற இடத்துக்கு மதியத்துக்குள் ஜெர்மன் டாங்கி வந்து நிற்கிற போர். குடேரியனின் வேகமே அவருடைய ஆட்களைப் பழைய குறியின் மேல் கொண்டுபோய் நிறுத்தியது. டாங்கியிலிருந்து விமானத்தோடு நேரடியாக ரேடியோவில் பேசுகிற ஏற்பாடு 1941இல் ரஷ்யப் போரில்தான், அதுவும் சிறிய அளவில், வந்தது.

அதனால் என் முடிவு: செமெரியில் கொடி இரண்டாவது பாதுகாப்பு, முதல் பாதுகாப்பான தகவல் தொடர்பு அறுந்தபின் அதன்மேல் முழுப் பாரத்தையும் போட்டார்கள், அது தாங்கவில்லை. தாங்கக்கூடிய பொருளும் அல்ல.

இந்தப் பலவீனம் அந்தக் காலத்தோடு போய்விட்டது என்று நினைத்தால், 2003 மார்ச் 28 அன்று பாஸ்ரா அருகே நடந்ததைப் பார்க்கலாம். பிரிட்டிஷ் கவச வண்டிகளின் மேல் பளிச்சென்று ஆரஞ்சு நிற அடையாளப் பலகைகள் இருந்தன. மேலே பறந்த அமெரிக்க ஏ-10 விமானிகள் அந்த ஆரஞ்சைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு அது ஆரஞ்சு நிற ராக்கெட் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு சுட்டார்கள். ஒரு வீரர் இறந்தார். அடையாளம் கண்ணில் படாமல் போனதால் வந்த வினை இல்லை இது, பட்டும் வேறாகப் புரிந்துகொண்டதால் வந்தது.

ஆறு நாள் கழித்து, எதிர்த் திசையில்

மே 20 அன்று குடேரியன் அமியென் நகருக்கு அருகே இருந்தபோது மறுபடியும் சொந்த விமானம் தாக்கியது. இந்தத் தடவை அவருடைய விமான எதிர்ப்புத் துப்பாக்கிக்காரர்கள் யோசிக்கவில்லை, திருப்பிச் சுட்டு ஒன்றை வீழ்த்தினார்கள். பாராசூட்டில் இறங்கிய இரண்டு இளைஞர்களுக்கும் கீழே காத்திருந்தது யார் என்று பார்த்ததும் முகம் போன போக்கைக் கற்பனை செய்துகொள்ளலாம். முதலில் வசவு, பிறகு ஆளுக்கு ஒரு கிளாஸ் ஷாம்பெய்ன். குடேரியன் இதை வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் கீழே இருந்தவர்கள் தங்கள் விமானத்தையே நம்பாத நிலைக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டார்கள் என்பது அதில் தெரிகிறது. மே 14 அன்று செடான் பாலங்களைத் தாக்க வந்த 71 பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களில் 40 திரும்பவில்லை, அந்த அளவுக்கு விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் சுறுசுறுப்பாக இருந்த இடம் அது. அங்கே தலைக்கு மேல் வருகிற எல்லாமே குறிதான்.

கொடியோடு வேறு சிலவும் சேர்ந்தே இருந்தன. ஆரஞ்சுப் புகை கக்கும் சின்ன டப்பாக்கள், வண்ண ஒளிக்குண்டு சுடும் கைத்துப்பாக்கி, தரையில் விரிக்கும் வெள்ளைத் துணிகள். ஆரம்பகால பான்சர் 3, பான்சர் 4 கோபுரக் கூரையில் இதற்கென்றே ஒரு சின்ன மூடி உண்டு, தலையை வெளியே நீட்டாமல் அதன் வழியே ஒளிக்குண்டு சுடலாம், கைக்கொடியும் காட்டலாம். பின்னாளில் வந்த மாடல்களில் அந்த மூடியை எடுத்துவிட்டார்கள். ஆரஞ்சுப் புகை கொடியைவிட நல்லது என்று எனக்குத் தோன்றும், ஏனென்றால் அது பரவும், பல நூறு மீட்டர் உயரத்திலிருந்து பளிச்சென்று தெரியும், காற்று இருந்தால் மட்டும் தொல்லை. ஆனால் டப்பா தீர்ந்தால் தீர்ந்ததுதான். கொடி தீராது. அதனால்தான் படங்களில் கொடியே அதிகம்.

கட்டுகிற இடத்திலும் ஒரு தலைவலி உண்டு. டாங்கியில் விசாலமான சமதளம் இன்ஜின் மூடிதான். அதிலேதான் இன்ஜின் மூச்சு விடுகிற ஓட்டைகளும் இருக்கின்றன. முழுக்க மூடினால் இன்ஜின் சூடாகும், பாலைவனத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் சிலர் கோபுரத்தின் பின்பக்கப் பெட்டி மேல் கட்டினார்கள், சிலர் முன்பக்கச் சரிவில் கட்டினார்கள். முன்னால் கட்டினால் எதிரிக்கும் தெரியுமே என்று கேட்கலாம். தெரியும். அந்த மாதிரிப் படங்கள் பெரும்பாலும் எதிரி அருகில் இல்லாத, சாலையில் வரிசையாகப் போகிற நேரத்தில் எடுத்தவை, சுடுகிற தூரத்துக்கு வந்தபின் அந்தத் துணியை அங்கே வைத்திருக்க யாருக்கும் ஆசை இருந்திருக்காது.

பறக்கிற கொடி ஏன் இல்லை

டாங்கியில் கொடி பறக்கவிட்டுச் சண்டைக்குப் போன மிகப் பிரபலமான ஆள் ஜெர்மானியர் அல்ல. 1917 நவம்பர் 20, கம்ப்ரே. பிரிட்டிஷ் டாங்கிப் படையின் தளபதி ஹ்யூ எல்ஸ், ஹில்டா என்ற டாங்கியில் ஏறி, பழுப்பு, சிவப்பு, பச்சை மூன்று பட்டைக் கொடியைப் பறக்கவிட்டுக்கொண்டு முதல் வரிசையில் போனார். அன்று அது பலித்தது, வீரர்களுக்கு உற்சாகம், எதிரிக்கு அதிர்ச்சி, ஜெர்மானியர்களிடம் டாங்கியை நிறுத்தும் வழியும் அப்போது பெரிதாக இல்லை. இருபது வருடம் கழித்து அதையே செய்கிறவனுக்கு ஆயுள் குறைவு.

ஜெர்மன் படையில் கொடிகளுக்குப் பஞ்சமே இல்லை. ரெஜிமெண்ட்டுக்கு ஒன்று, பட்டாலியனுக்கு ஒன்று, டிவிஷனுக்கு ஒன்று என்று தளபதிக் கொடிகள், வடிவத்தையும் நிறத்தையும் வைத்து எந்தத் தலைமையகம் என்று சொல்லிவிடலாம், டாங்கிப் படையின் நிறம் இளஞ்சிவப்பு. இவை தலைமையக வாசலிலும் தளபதியின் காரிலும் பறந்தன. டாங்கி மேல் பறந்ததாக வரும் படங்களில் கணிசமானவை அணிவகுப்பு, பயிற்சி, போர்முனைக்குப் பின்னால் எடுத்தவை. சண்டையில் தேவைப்படாததற்கு முக்கியக் காரணம் ரேடியோ. குடேரியன் 1914இலேயே ரேடியோ நிலையம் ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்தவர், கட்டளை குரலில் போகவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். சாதாரண பான்சர் 1 வண்டியில்கூட, பேச முடியாவிட்டாலும் கேட்கிற ரேடியோ இருந்தது. பதில் சொல்ல மட்டும் கையையோ கைக்கொடியையோ ஆட்டவேண்டும். மற்ற டாங்கிகளில் 10 வாட் ஒலிபரப்பி வந்தபின் அந்தத் தேவையும் போனது. எந்த டாங்கி எது என்று தெரியக் கோபுரத்தில் மூன்று இலக்க எண், கம்பெனி, அணி, வண்டி என்ற வரிசையில். அது போதும்.

ஆண்டெனாவில் கட்டுவதற்கு இன்னொரு இடைஞ்சல். பான்சர் 3, 4இல் இரண்டு மீட்டர் ஆண்டெனா வண்டியின் பக்கவாட்டில் இருந்தது, வேண்டாதபோது மரத்தாலான ஒரு நீளத் தொட்டிக்குள் மடித்துப் படுக்க வைப்பார்கள். பான்சர் 4இல் பீரங்கிக் குழலுக்கு அடியில் ஒரு வளைந்த கம்பி இருக்கும், கோபுரம் திரும்பும்போது ஆண்டெனாவைத் தள்ளிப் படுக்க வைப்பதற்காகவே. அதில் துணியைக் கட்டினால் எங்கேயாவது சிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் பயம். தளபதி எந்த டாங்கியில் இருக்கிறார் என்று எதிரிக்குச் சொல்ல யாருக்கும் விருப்பமில்லை. இந்தப் பாடத்தை அவர்கள் வேறு பொருளில் கற்றுக்கொண்டார்கள்: கட்டளை டாங்கிகளின் முதுகில் கட்டில் சட்டம்போல ஒரு பெரிய ஆண்டெனா இருந்தது, ஒரு மைல் தூரத்திலிருந்தே "இதோ தளபதி" என்று காட்டிக் கொடுக்கும். அந்த டாங்கிகள் சிலவற்றில் பீரங்கியே பொய், உள்ளே ரேடியோக்களுக்கு இடம் வேண்டுமென்று மரக்குழலை வைத்திருந்தார்கள். பிறகு சட்டத்தை எடுத்துவிட்டு, உச்சியில் நட்சத்திரம்போல விரியும் ஒல்லியான ஆண்டெனாவுக்கு மாறினார்கள், தூரத்தில் சாதாரண டாங்கி மாதிரியே தெரியட்டும் என்று.

வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷார் இதற்கு நேர்மாறாக, ஆண்டெனாவில் சின்னக் கொடி கட்டித்தான் சண்டை போட்டார்கள். எந்த உயரத்தில் கட்டவேண்டும் என்பதை நாளுக்கு நாள் மாற்றுவார்கள், ஜெர்மானியர் காப்பி அடிக்காமலிருக்க. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் மணல்மேட்டுக்குப் பின்னால் டாங்கியை மறைத்துவிட்டு மேலே கொடியை ஆட்டிக்கொண்டிருப்பது எனக்கு என்றுமே விளங்காத விஷயம்.

எதிரியிடம் பிடித்த டாங்கி என்றால் கதை வேறு

1941 ஜூனில் வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷாரின் பேட்டில்ஆக்ஸ் தாக்குதல் தோற்றபின், அவர்கள் கைவிட்ட மட்டில்டா டாங்கிகளை ஜெர்மானியர் மீட்டுத் தங்கள் வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். இங்கே போலந்துப் பாடமெல்லாம் தலைகீழ். மட்டில்டாவின் உருவத்தைப் பார்த்ததும் சொந்தத் துப்பாக்கிக்காரன் சுடுவான், அதனால் சிலுவையை எவ்வளவு பெரிதாகப் போட முடியுமோ அவ்வளவு பெரிதாகப் போட்டார்கள், கொடியும் கட்டினார்கள். 1943இல் கார்கோவ் தொழிற்சாலையில் சரிசெய்து ஜெர்மனியின் தாஸ் ரைஷ் டிவிஷன் ஓட்டிய ரஷ்ய டி-34 வண்டிகளிலும் இதே கதை, கோபுரம் நிறையச் சிலுவை. எதிரி பார்த்தால் பார்க்கட்டும், அதைவிடப் பெரிய ஆபத்து நம்மாளின் 75 மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். சரியான கணக்கு.

இதற்கு எதிர் உதாரணமும் அதே பாலைவனத்தில் உண்டு. வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன் தளபதி ரோம்மலும் அவருக்குக் கீழே ஆப்பிரிக்கா கோர் படையின் தளபதி க்ரூவெலும் பயணித்த "மாமூத்" கட்டளை வண்டி, மெக்கிலியில் பிரிட்டிஷாரிடமிருந்து பிடித்தது. 1941 நவம்பரில் ஒரு இரவு எகிப்து எல்லைக் கம்பிவேலிக்கு அருகே வழி தவறி, 4வது இந்திய டிவிஷன் ஆட்கள் நடமாடுகிற இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். சுற்றிலும் செய்தி கொண்டுபோகிற இந்திய வீரர்கள் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள், வருகிறார்கள். யாரும் நிறுத்தவில்லை. பிரிட்டிஷ் வண்டி, மங்கலான சின்ன அடையாளம், இருட்டு. முதுகிலே பெரிய கொடி விரித்துப் பகலில் போயிருந்தால் ஆப்பிரிக்கப் போர் அங்கேயே வேறு திசையில் போயிருக்கும்.

சட்டமும் இதில் வருகிறது. 1907 ஹேக் ஒப்பந்தத்தின் 23வது பிரிவு, எதிரியின் தேசியக் கொடியையும் ராணுவச் சின்னங்களையும் சீருடையையும் முறைகேடாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. பிடித்த டாங்கியை ஓட்டலாம், அதில் உன் சின்னத்தைப் போட்டுக்கொள். 1944 டிசம்பரில் ஜெர்மன் எஸ்எஸ் அதிகாரி ஸ்கோர்செனியின் 150வது பான்சர் பிரிகேட் தன் பான்தர் டாங்கிகளுக்குத் தகரம் அடித்து, அமெரிக்க எம்10 போல வேஷம் கட்டி, வெள்ளை நட்சத்திரம் வரைந்து மால்மெடிக்கு அனுப்பியபோது இந்த எல்லையைத்தான் உரசினார்கள். தங்களுக்குள் அடையாளம் தெரிய வண்டியின் பின்னால் சின்ன மஞ்சள் முக்கோணம் வைத்திருந்தார்கள். 1947இல் டாஹாவ் வழக்கில் ஸ்கோர்செனி விடுதலையானார். எதிரி உடையில் நடமாடுவது ஒன்று, அந்த உடையிலேயே சண்டை போடுவது வேறு என்ற வாதம் அங்கே முக்கியமாக இருந்தது.

வானம் கைமாறியபின்

1941 கோடையில் ரஷ்யச் சமவெளியில் போன பான்சர் வரிசைகளைப் பார்த்தால் கொடிக்குக் குறைவே இல்லை. 1943 குர்ஸ்க்கிலும் ஓரளவு இருக்கிறது. 1944 நார்மண்டியில் அநேகமாக மறைந்துவிட்டது. கொடியில் எந்த மாற்றமும் இல்லை, மேலிருந்து பார்க்கிறவன்தான் மாறிவிட்டான். பகலில் தலைக்கு மேல் தெரிகிற எந்த விமானமும் நேச நாட்டு விமானம் என்ற நிலையில், சிவப்புத் துணியை விரிப்பது பிரிட்டிஷ் டைஃபூன் விமானிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. ஜூன் 7 அன்று கடற்கரை நோக்கிப் போய்க்கொண்டிருந்த பான்சர் லேர் டிவிஷன் வண்டிகளில் மரக்கிளைகளும் இலைகளும்தான் இருந்தன, அப்படியும் வழியெல்லாம் அடி வாங்கியது.

இப்போது விமானிக்கு அடையாளம் காட்டுகிற வேலை நேச நாட்டவருக்கு வந்தது, கூடவே செமெரியும் வந்தது. 1944 ஆகஸ்ட் 14, ஃபலேஸ் நோக்கிய தாக்குதலில், குண்டுகள் தங்கள் பக்கம் விழுவதைப் பார்த்த கனடியப் படையினர் "நாங்கள் நண்பர்கள்" என்று காட்ட மஞ்சள் புகை போட்டார்கள். பிரிட்டிஷ் கனரக குண்டுவீச்சு விமானங்கள் அன்று இலக்கைக் குறிக்கப் பயன்படுத்திய ஒளியும் மஞ்சள். அந்த விமானங்களுக்குத் தரைப்படையின் மஞ்சள் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. புகை அதிகமாக அதிகமாகக் குண்டும் அதிகமாக விழுந்தது, இறந்தவர்களும் காயமடைந்தவர்களுமாக நூற்றுக்கணக்கானோர்.

கடைசியாக மாடல் டாங்கி கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்தக் கேள்வியை அதிகம் கேட்பது அவர்கள்தான். பிரான்ஸ் 1940 அல்லது ரஷ்யா 1941 என்றால் பான்சர் 3 முதுகில் கொடியைத் தாராளமாக விரிக்கலாம், ஆனால் புழுதி பூசுங்கள், மூலைகளில் கயிறு கட்டுங்கள், இன்ஜினின் காற்று ஓட்டைகள் எல்லாவற்றையும் மூடிவிடாதீர்கள். பிடித்த மட்டில்டாவுக்கும் டி-34க்கும் சிலுவையைக் கூச்சமில்லாமல் பெரிதாகப் போடுங்கள். நார்மண்டி பான்தர் என்றால் கொடியைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு இலை தழை வாங்கி வாருங்கள். ஆண்டெனாவில் முக்கோணக் கொடி பறக்கவிட ஆசையாக இருந்தால், காட்சியை அணிவகுப்பு மைதானமாக மாற்றிக்கொள்ளுங்கள்.